கோடு போட்டு அடித்த ஐந்து எண்கள்

பிப்ரவரி 3

என் வாண்டுக்கு, அப்பா இரண்டே விரலால் தட்டித் தட்டி எழுதுவது.

நீ அனுப்பியது வந்து சேர்ந்துவிட்டது. முதலில் ஒரு விஷயத்தை ஒப்புக்கொண்டு விடுகிறேன். நாளைக்கு உன் அம்மா வாயால் கேட்டு நீ சிரிப்பதைவிட நானே சொல்லிவிடுவது மரியாதை. “ஒரு கன்டெய்னர் அனுப்பறேன்பா, வீட்டுக் கம்ப்யூட்டர்ல இறக்கிடுங்க” என்று போனில் சொன்னாய் அல்லவா? அதில் ‘கம்ப்யூட்டர்’ என்ற வார்த்தை என் காதில் ஏறுவதற்குள் உன் அம்மா போனைப் பிடுங்கிக்கொண்டாள். முப்பத்தோரு வருஷம் லாரி எடைமேடையில் உட்கார்ந்து எடை எழுதினவனிடம் கன்டெய்னர் என்றால் அவன் என்ன நினைப்பான்? நாற்பதடி இரும்புப் பெட்டிதான். நம் தெரு முனையில் லாரி திரும்பாதே என்று இரண்டு நாள் கவலைப்பட்டேன். எதிர்வீட்டுத் தையல்காரரிடம் சொல்லி அவர் வண்டியை வேறு தள்ளி நிறுத்த வைத்தேன். அவர் தினமும் “இன்னும் வரலையா சார்?” என்று கேட்கிறார். என்ன பதில் சொல்ல? “வந்துடுச்சு, கம்ப்யூட்டருக்குள்ள இருக்கு” என்றேன். அதிலிருந்து என்னை ஒரு மாதிரியாகப் பார்க்கிறார்.

நீ எழுதி அனுப்பிய வரிகளை அப்படியே தட்டினேன். மூன்று தடவை தப்பு என்றது. நாலாவது தடவை திரையில் எழுத்துகள் மழை மாதிரி ஓடின. பயந்துபோய் ஸ்விட்சை அணைத்துவிட்டேன். இன்று மறுபடி போட்டேன், ஒன்றும் கெடவில்லை.

ஆனால் ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. இதெல்லாம் எதற்கு? உன் ஆபீசில் இல்லாத கம்ப்யூட்டரா? பதிலை எழுத்தில் அனுப்பு.

நாங்கள் இருவரும் நல்ல சுகம். அம்மாவின் முழங்கால் பரவாயில்லை.

உன் அப்பா

* * *

பிப்ரவரி 5

அன்பான அப்பாவுக்கு,

தையல்காரரை நினைத்து ஆபீசில் தனியாக உட்கார்ந்து சிரித்தேன். பக்கத்து மேஜைக்காரி எட்டிப் பார்த்தாள்.

எதற்கு என்று கேட்டது நல்லதாகப் போயிற்று. பள்ளிப் பிள்ளைகள் புரோகிராம் எழுதிப் பழக நாங்கள் ஒரு மொழி செய்திருக்கிறோம் இல்லையா? பிள்ளை எழுதுவதை அப்படியே கொடுத்தால் கம்ப்யூட்டருக்குப் புரியாது. அதற்குப் புரிகிற மாதிரி மாற்றிக்கொடுக்க நடுவில் ஒருத்தர் வேண்டும். அந்த ஆள்தான் கம்பைலர். ஏற்கெனவே ஒரு பழைய கம்பைலர் இருக்கிறது. மூன்று வருஷமாக நான் செய்துகொண்டிருப்பது புதியது.

ஆபீஸ் கம்ப்யூட்டர்கள் எல்லாம் பந்தயக் குதிரைகள் அப்பா. அதில் எதை ஓட்டினாலும் வேகம்தான். பள்ளிகளில் இருப்பதோ நம் வீட்டில் இருப்பது போன்ற பத்து வருஷக் கிழடுகள். அதனால் ஐந்து பேர் வீட்டுப் பழைய கம்ப்யூட்டர்களில் ஓட்டிப் பார்க்கிறோம். கம்பைலரையும் அதற்கு வேண்டிய சாமான்களையும் மொத்தமாக வைத்து மூடிய பெட்டிதான் கன்டெய்னர். எந்த வீட்டில் இறக்கினாலும் உள்ளே இருப்பது ஒன்றேதான். வித்தியாசம் வந்தால் அது கம்ப்யூட்டரின் வித்தியாசம்.

நீங்கள் செய்ய வேண்டியது: பெட்டியில் வைத்திருக்கும் மாதிரிப் புரோகிராமைப் பழையதில் இருபது ஓட்டம், புதியதில் இருபது ஓட்டம். எத்தனை வினாடி என்று திரையில் வரும், எழுதிக்கொள்ளுங்கள். எதிலும் முதல் ஓட்டத்தைக் கணக்கில் சேர்க்க வேண்டாம், அது சும்மா சூடேறுவதற்கு.

20ஆம் தேதி பள்ளிகளுக்கான தேர்வுக் குழு எங்களைக் கூப்பிட்டிருக்கிறது. புதியது ஜெயித்தால் எல்லாப் பள்ளிக்கும் போகும். இல்லாவிட்டால் இந்த வேலையை மூடிவிடுவார்கள். மூன்று வருஷமும் போச்சு என்று வையுங்கள்.

அம்மாவுக்கு முத்தம்.

உங்கள் வாண்டு

* * *

பிப்ரவரி 9

வெற்றி வீராங்கனைக்கு, அப்பாவின் சல்யூட்!

முடித்துவிட்டேன். ஐந்து நாளாக வீட்டில் வேறு வேலை இல்லை. உன் அம்மா “ரிட்டயர் ஆனவருக்கு டியூட்டி கிடைச்சிடுச்சு, இனி பிடிக்க முடியாது” என்கிறாள். காலையில் குளித்து, பழைய எடைமேடைச் சட்டையைப் போட்டுக்கொண்டுதான் உட்காருகிறேன். சட்டையில் பித்தான் இரண்டு மூட மறுக்கிறது. அது சட்டையின் தப்பு.

பழைய கம்பைலர், இருபது ஓட்டம்: எல்லாம் 66க்கும் 70க்கும் நடுவில். சராசரி 68 வினாடி. ஒவ்வொரு ஓட்டத்துக்கும் நான் ஒரு கொட்டாவி விட்டேன்.

உன்னுடையது, இருபது ஓட்டம்: 19, 19, 20, 19, 21, 19, 20, 20, 19, 19, 18, 20, 19, 19, 20, 19, 21, 19, 20, 19.

வாயைத் திறந்தால் கொட்டாவி பாதியிலேயே நிற்கிறது, அதற்குள் முடிந்துவிடுகிறது! பால்காரர் வந்திருந்தார். அவரை உட்காரவைத்து இரண்டையும் ஓட்டிக் காட்டினேன். “எது சார் உங்க பொண்ணு?” என்றார். “சீக்கிரம் முடியறது” என்றேன். “அதானே!” என்றார். அந்த ‘அதானே’யைக் கேட்க நீ இங்கே இருந்திருக்க வேண்டும்.

நாங்கள் நல்ல சுகம்.

உன் அப்பா (தலைமைப் பரிசோதகர், வீட்டுக் கிளை)

* * *

பிப்ரவரி 12

என் தலைமைப் பரிசோதகருக்கு,

அப்பா, உங்கள் எண்களைப் பெரிதாக அச்சடித்துச் சுவரில் ஒட்டியிருக்கிறோம்! மற்ற நாலு வீட்டிலும் ஜெயித்திருக்கிறோம், ஆனால் இவ்வளவு சீராக எங்கேயும் இல்லை. எங்கள் தலைவர் கண்ணாடிக்காரர் எதையும் லேசில் பாராட்டமாட்டார், தெரியுமல்லவா? அவரே கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி படித்தார். “உங்கப்பா என்ன வேலை பார்த்தார்?” என்று கேட்டார். எடைமேடை என்றேன். “அப்ப நம்பலாம்” என்றார்.

20ஆம் தேதி குழு முன்னால் முதல் பக்கத்தில் நம் வீட்டு எண்கள்தான். அதற்குக் கீழே ‘ஒரு ஓய்வுபெற்ற எடைமேடை எழுத்தர் வீட்டில் அளந்தது’ என்று போடப் போகிறேன். சம்மதமா?

உங்கள் வாண்டு

* * *

பிப்ரவரி 13, காலை

மகளே,

சம்மதம் இல்லை.

நேற்று உன் கடிதத்தை உன் அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். ‘அப்ப நம்பலாம்’ என்ற இடம் வந்தபோது அதற்குமேல் படிக்காமல் நிறுத்திவிட்டேன். அவள் பெருமையில் என்று நினைத்தாள். காலையில் எழுந்து முதல் வேலையாக இதை எழுதுகிறேன்.

நான் உன்னுடையதை ஓட்டியது இருபது தடவை இல்லை. நீ விடச் சொன்ன முதல் ஓட்டம் போக, இருபத்தைந்து. அதில் ஐந்து எண்கள் மோசமாக வந்தன. கொஞ்சநஞ்சம் இல்லை, நூறுக்கும் மேலே. முதல் தடவை வந்தபோது நான்தான் எதையோ தப்பாகத் தட்டிவிட்டேன் என்று நினைத்து அடித்துவிட்டேன். இரண்டாவது தடவை கம்ப்யூட்டருக்கு வயசாகிவிட்டது என்றேன். மூன்றாவது தடவை காரணம் ஒன்றும் சொல்லிக்கொள்ளவில்லை. இந்த எண்ணைப் பார்த்தால் பிள்ளை முகம் வாடுமே என்று மட்டும் நினைத்தேன். அடித்துவிட்டு இன்னொன்று ஓட்டினேன்.

காக்கைக்குத் தன் குஞ்சு பொன்குஞ்சுதான். ஆனால் காக்கை எடைச்சீட்டு எழுதுவதில்லை. முப்பத்தோரு வருஷத்தில் ஒரு லாரிக்காவது ஒரு கிலோ மாற்றி எழுதியிருப்பேனா? கெஞ்சினவன் உண்டு, மிரட்டினவன் உண்டு. “சார், என் பொண்ணு கல்யாணம் சார்” என்று அழுதவன்கூட உண்டு. அவனிடம் “எடை எடைதான்பா” என்று சொன்ன வாய் இது. என் பெண் என்றதும் கை தானாகக் கோடு போட்டுவிட்டது.

அந்தப் பக்கத்தைச் சுவரிலிருந்து எடுத்துவிடு. கண்ணாடிக்காரரிடம் நானே பேச வேண்டும் என்றால் பேசுகிறேன்.

அப்பா

* * *

பிப்ரவரி 13

அப்பா,

எடுத்துவிட்டேன்.

ஏன்பா இப்படிச் செய்தீர்கள்? நான் கேட்டது நல்ல எண் இல்லை, உள்ள எண். ஏழு நாள்தான் இருக்கிறது. எனக்குக் கோபம் எவ்வளவு என்று எழுதினால் நீங்கள் சாப்பிடமாட்டீர்கள், அதனால் எழுதவில்லை.

இரண்டு கேள்வி. அடித்த எண்கள் இன்னும் படிக்கிற மாதிரி இருக்கின்றனவா? இது முதல் கேள்வி. இரண்டாவது, நீங்கள் வாராவாரம் ‘நல்ல சுகம், நல்ல சுகம்’ என்று எழுதுகிறீர்களே, அதில் வேறு எதையெல்லாம் அடித்து வைத்திருக்கிறீர்கள்?

வாண்டு

* * *

பிப்ரவரி 14

மகளுக்கு,

உன் இரண்டாவது கேள்விதான் பலமான அடி. முதலில் முதலாவதுக்குப் பதில்.

படிக்கலாம். எடைமேடையில் எங்களுக்கு ஒரு பழக்கம்: தப்பான எண்ணை அழிக்கவோ கிறுக்கவோ கூடாது. குறுக்கே ஒரே ஒரு கோடு, பக்கத்தில் மணி, கையெழுத்து. நாளைக்கு எவன் வந்து பார்த்தாலும் அடியில் இருப்பது தெரிய வேண்டும். திருடும்போதும் கை அதே பழக்கத்தில்தான் திருடியிருக்கிறது. நோட்டில் உள்ளபடி:

முதல் நாள் பகல் 2.10 — 118. காப்பி குடித்துவிட்டு வந்து உட்கார்ந்தது.
இரண்டாம் நாள் காலை 9.05 — 121.
அன்றே பகல் 3.00 — 115. சாப்பிட்டுக் கொஞ்சம் கண்ணயர்ந்து எழுந்த பிறகு.
மூன்றாம் நாள் காலை 9.20 — 119.
நாலாம் நாள் காலை 10.00 — 117. ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும்.

நான் எழுந்து போகும்போதெல்லாம் கம்ப்யூட்டரை அணைத்துவிடுவேன். அது இஸ்திரிப் பெட்டி மாதிரி சுடுகிறது, வீடு எரிந்துவிடும் என்று உன் அம்மா பயப்படுகிறாள். இது உனக்கு உதவுமா தெரியாது. உள்ளதை எழுதுகிறேன்.

இரண்டாவது கேள்வி. ஆஸ்பத்திரி என்றதும் உனக்குத் திக்கென்றிருக்கும். அம்மாவின் முழங்கால் ‘பரவாயில்லை’ என்று எழுதியது பொய். இரண்டு மாதம் முன்பு மாடிப்படியில் சறுக்கி விழுந்தாள். எலும்பு முறியவில்லை, ஆனால் இன்னும் கட்டு இருக்கிறது. வாரம் ஒரு நாள் கூட்டிப் போகிறேன். எனக்குச் சர்க்கரை 240. ஸ்கூட்டரை விற்றுவிட்டேன், கண்ணில் புகை மாதிரி தெரிகிறது, அறுவை செய்ய வேண்டும் என்கிறார் டாக்டர். நான்தான் தள்ளிப்போடுகிறேன், பயம்தான். இவ்வளவே. வேறு எதையும் மறைக்கவில்லை. உன் அம்மா பக்கத்தில் நின்று “பல்லு விழுந்ததையும் சொல்லுங்க” என்கிறாள். சரி, பல் ஒன்று விழுந்தது.

அப்பா

* * *

பிப்ரவரி 17

அப்பா, அப்பா, அப்பா!

உட்கார்ந்துகொண்டு படியுங்கள். அம்மாவையும் உட்காரச் சொல்லுங்கள், காலை நீட்டி.

நீங்கள் அடித்த ஐந்தும் கம்ப்யூட்டரை அணைத்துப் போட்ட பிறகு வந்த முதல் ஓட்டங்கள்! மற்ற நாலு வீட்டிலும் அணைக்காமல் வரிசையாக ஓட்டினார்கள், அதனால் யாருக்கும் தெரியவில்லை. தெரிந்திருக்க வேண்டிய ஒரே ஓட்டம் முதல் ஓட்டம். ‘அதைக் கணக்கில் சேர்க்காதீர்கள்’ என்று எல்லோருக்கும் எழுதியது யார்? நான்தான். நீங்கள் ஐந்தை அடித்தீர்கள் என்று குதித்தேனே, நான் எல்லார் வீட்டிலும் ஒவ்வொன்றை அடிக்கச் சொல்லியிருக்கிறேன். நம் இருவருக்கும் ஒரே கைதான் போலிருக்கிறது.

என் கம்பைலர் விழித்தவுடன், தேவையோ இல்லையோ, தன்னிடம் உள்ள எல்லாவற்றையும் ஹார்ட் டிஸ்க் வட்டிலிருந்து இழுத்துப் படிக்கிறது. ஒரு சட்டை எடுக்க பீரோவையே முதுகில் தூக்கிக்கொண்டு வருகிற மாதிரி. பழைய வட்டு முக்கி முனகிக் கொடுக்க நூறு வினாடி. ஒரு தடவை படித்துவிட்டால் நினைவில் இருக்கும், அடுத்த ஓட்டம் பறக்கும். அணைத்தால் போச்சு.

பக்கத்து மேஜைக்காரி சொன்னாள்: “சராசரி போட்டா ஐந்தையும் சேர்த்து 39தான்டி வருது. அப்பவும் நாமதான் ஜெயிக்கிறோம். சராசரியை மட்டும் காட்டு.” உண்மைதான். ஆனால் பள்ளியில் வகுப்புக்கு வகுப்பு அணைத்துப் போடுவார்கள் அப்பா. வகுப்புத் தொடங்கியதும் அந்தப் பிள்ளைகளுக்குக் கிடைக்கப்போவது நீங்கள் அடித்த எண்கள்தான்.

20ஆம் தேதிவரை காத்திருக்கவில்லை. குழுத் தலைவியிடம் நேற்றே போய், முதல் ஓட்டத்தில் பழையதுதான் ஜெயிக்கிறது, காரணம் இது என்று சொல்லிவிட்டேன். கண்ணாடிக்காரர் கூடவே வந்து நின்றார். அந்த அம்மாள், “இதை நீங்க சொல்லாட்டி எங்களுக்குத் தெரிஞ்சிருக்காது” என்றார். மார்ச் 2 வரை நேரம் கொடுத்திருக்கிறார்.

விழித்ததும் வேண்டியதை மட்டும் எடுக்கிற மாதிரி கம்பைலரை மாற்றிக்கொண்டிருக்கிறோம், புதுக் கன்டெய்னர் நாலைந்து நாளில் வரும். தையல்காரரை வண்டியைத் தள்ளச் சொல்ல வேண்டாம். இந்தத் தடவை ஒவ்வொரு ஓட்டத்துக்கும் முன்னால் கம்ப்யூட்டரை அணைத்துப் போடுங்கள்.

கண் டாக்டரிடம் நாள் வாங்கியாயிற்றா? அதையும் எழுதுங்கள்.

உங்கள் வாண்டு

* * *

பிப்ரவரி 25

என் வாண்டுக்கு,

உள்ளதை உள்ளபடி எழுதுகிறேன். இந்தத் தடவை எனக்குக் காவல் உண்டு. கட்டுப் போட்ட காலை ஸ்டூலில் நீட்டிக்கொண்டு உன் அம்மா பக்கத்திலேயே உட்கார்ந்தாள், நோட்டு அவள் கையில். நான் எண்ணைப் படிப்பேன், அவள் எட்டித் திரையைப் பார்த்துவிட்டுத்தான் எழுதுவாள். “ஏன்டி, என்மேல நம்பிக்கை இல்லையா?” என்றேன். “உங்க கண்ணுமேல இல்லை. மத்ததைப் பத்தி நான் பேசலை” என்றாள்.

ஒவ்வொரு ஓட்டத்துக்கும் முன்னால் அணைத்தோம், எண்பது எண்ணினோம், போட்டோம். பழையது பத்து, உன்னுடையது பத்து, மாற்றி மாற்றி.

பழையது: 75, 74, 76, 75, 77, 74, 75, 75, 76, 74.

உன்னுடையது முதல் தடவை வந்தபோது நான் திரையைப் பார்க்கவில்லை. உன் பரீட்சை ரிசல்ட் வரும்போது சுவரைப் பார்த்து நிற்பேனே, அப்படி நின்றேன். உன் அம்மாதான் சொன்னாள். “இருபத்தி நாலு.”

“நூத்தி இருபத்தி நாலா?”

“காதும் போச்சா? வெறும் இருபத்தி நாலு!”

24, 25, 24, 24, 26, 24, 52, 25, 24, 24.

ஏழாவது 52. ஏன் என்று தெரியவில்லை. கையில் பேனா இல்லாதது நல்லதாகப் போயிற்று. 52ஆக இருந்தாலும் பழையதை ஜெயிக்கிறது, ஆனால் அதை நீ பார்த்துக்கொள். என் வேலை எழுதுவது. கடைசி எண் வந்ததும் உன் அம்மா நோட்டை மூடிவிட்டுக் கைதட்டினாள். வீட்டில் இரண்டே பேர், நானும் தட்டினேன். சத்தம் கேட்டுத் தையல்காரர் ஜன்னல் வழியாக, “என்ன சார், கன்டெய்னர் வந்துடுச்சா?” என்றார். “வந்துடுச்சு சார்! ஜெயிச்சுடுச்சு!” என்றேன். அவருக்கு என்ன புரிந்ததோ, அவரும் தட்டினார்.

கண் அறுவை 11ஆம் தேதி. பயமாகத்தான் இருக்கிறது.

உன் அப்பா, மேற்பார்வை: உன் அம்மா

* * *

மார்ச் 3

அப்பா அம்மா இருவருக்கும்,

ஜெயித்துவிட்டோம்! எல்லாப் பள்ளிக்கும் போகிறது!

அந்த 52ஐயும் முதல் பக்கத்திலேயே போட்டேன். குழுவில் ஒருவர் “இது என்ன?” என்று அதைத்தான் முதலில் பிடித்தார். இன்னும் தெரியவில்லை, தேடுகிறோம் என்றேன். தலைவி சிரித்துவிட்டு, “கொண்டுவந்த எண்ணிலேயே இதுதான் எனக்குப் பிடிச்சிருக்கு” என்றார். பிறகு அரை மணி நேரத்தில் முடிந்துவிட்டது. கண்ணாடிக்காரர் வெளியே வந்து, ஆபீசே பார்க்க, நடைபாதையில் ஒரு குதி குதித்தார். ஐம்பத்தெட்டு வயது!

பக்கத்தின் கீழே ‘ஒரு தம்பதி வீட்டில் அளந்தது’ என்று போட்டிருந்தேன். இந்தத் தடவை உங்களிடம் கேட்கவில்லை.

9ஆம் தேதி அங்கே இருப்பேன். அறுவை அன்று உங்கள் கையைப் பிடித்துக்கொண்டு நான் உட்காருகிறேன். நீங்கள் தாராளமாகப் பயப்படலாம்.

உங்கள் வாண்டு

* * *

ஜூன் 19

ஊரெல்லாம் கம்பைலர் அனுப்பிய என் மகளுக்கு,

நீ திரும்பிப் போன பிறகு எழுதும் முதல் பெரிய கடிதம். புதுக் கண்ணால் எழுதுகிறேன். எழுத்துகள் இவ்வளவு கறுப்பு என்று எனக்கு ஞாபகமே இல்லை. சர்க்கரை 190, இன்னும் இறங்க வேண்டும். அம்மா கட்டைப் பிரித்துவிட்டாள். நொண்டுகிறாள், ஆனால் என்னைவிட வேகமாக நொண்டுகிறாள்.

விஷயத்துக்கு வருகிறேன். நம் தெருப் பள்ளிக்கூடத்தில் உன் கம்பைலரைப் போட்டிருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போனேன். கம்ப்யூட்டர் டீச்சர் வாசலிலேயே மறித்து, “யாரைப் பார்க்கணும்?” என்றார். “இதைச் செஞ்சவளோட அப்பா” என்றேன். நம்பவில்லை. நானாக இருந்தாலும் நம்பியிருக்கமாட்டேன், வேட்டியும் கையில் காய்கறிப் பையுமாக. பிறகு 52 வினாடிக் கதையைச் சொன்னதும் உள்ளே விட்டார்.

கடைசி வரிசையில், கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். முப்பது பிள்ளைகள், பதினைந்து கிழட்டுக் கம்ப்யூட்டர்கள், எல்லாம் அப்போதுதான் போட்டவை. இருபத்தாறு வினாடியில் அறை முழுக்க “வந்துடுச்சு! வந்துடுச்சு!” என்று ஒரே கத்தல். காய்கறிப் பையைக் கீழே போட்டுவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். டாக்டர் கண்ணைத் தொடக் கூடாது என்றிருக்கிறார், அதையும் மீறிவிட்டேன்.

வரும்போது குறை ஏதாவது உண்டா என்று கேட்டேன். உண்டாம். கோபித்துக்கொள்ளாதே, கோபித்தாலும் எழுதுவேன். டீச்சர் சொன்னது இரண்டு. ஏழாவது வரியில் தப்பு இருந்தால் உன் கம்பைலர் எட்டாவது வரி என்று காட்டுகிறது, பிள்ளைகள் குழம்புகிறார்கள். தப்பைச் சொல்லும் வாசகங்கள் கோர்ட் நோட்டீஸ் மாதிரி இருக்கின்றன, படித்தாலே பயமாக இருக்கிறது. இந்த இரண்டையும் சரிசெய்.

மூன்றாவது புகார் பிள்ளைகளுடையது. பழையதில் ஒவ்வொரு தடவையும் ஒரு நிமிஷத்துக்கு மேல் கிடைக்குமாம், அதற்குள் ஒரு கதை பேசி முடித்துவிடலாமாம். இப்போது வாயைத் திறப்பதற்குள் முடிந்துவிடுகிறதாம். இரண்டு பெண்கள் என்னிடம் ரொம்பக் கோபமாகவே சொன்னார்கள், உன்னிடம் கட்டாயம் சொல்லச் சொன்னார்கள்.

சொல்லிவிட்டேன். அதை மட்டும் நீ சரிசெய்ய வேண்டாம்.

உன் அப்பா